தொலைதூர பி.காம்.: முதல் அசைன்மென்ட் வருமுன்பே காணாமல் போகும் மாணவர்கள், எதை மாற்றலாம்?

அடக்கவிலை_சென்னை எழுதியது:

வணக்கம். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்விப் பிரிவில் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங் (அடக்கவிலைக் கணக்கியல்) தாளை ஒருங்கிணைப்பது என் வேலை. 180 பேர், பாதிக்கு மேல் தமிழ் வழி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் போகிறவர்கள், தி.நகர் கடைகளில் நிற்பவர்கள், கிண்டியில் அக்கவுண்ட்ஸ் உதவியாளர்கள், கல்யாணத்துக்குப் பிறகு விட்ட படிப்பைத் தொடரும் பெண்கள் என்று கலவையான கூட்டம். நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர், பகுதிநேர ஆலோசகர்கள் நான்கு பேர். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளம் ஓடுகிறது. புத்தகம் அச்சிலும் பிடிஎஃப்பிலும் போகிறது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஆன்லைன் வகுப்பு.

மூன்றில் ஒருவர் முதல் அசைன்மென்டையே தருவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் தேர்வுக்கும் வருவதில்லை. ஞாயிறு வகுப்பில் முப்பது பேர் இருந்தால் அதிகம், எல்லா மைக்கும் அணைந்திருக்கும். நிர்வாகம் ஸ்டூடியோ கட்டி வீடியோ எடுக்கலாம் என்கிறது. அந்தப் பணத்தை அங்கே போடலாமா, வேறு எங்காவது போட்டால் பலன் அதிகமா? ஆட்கள் கூடப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

---

அலகு_எழுத்தாளர் பதில்:

ஸ்டூடியோ இப்போதைக்கு வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் வீடியோக்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று 2014-ல் ஃபிலிப் குவோ குழு ஆராய்ந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்க்கும் நேரத்தின் இடைநிலை (மீடியன்) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. செலவு செய்து ஸ்டூடியோவில் எடுத்ததைவிட ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து பேசியது கூடுதலாகப் பார்க்கப்பட்டது. ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிடக் கையால் எழுதிக்கொண்டே விளக்குவது எடுபட்டது. உங்கள் தாள் முழுக்கக் கணக்கு. தாளுக்கு மேலே ஸ்டாண்டில் செல்போனை மாட்டி, காதில் இயர்போன் மைக் போட்டு எடுத்தால் தாராளமாகப் போதும்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிமுறைப்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவருக்கு 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி. அதை 16 வாரத்தில் முடிக்க வாரம் ஏழரை மணி வேண்டும். இப்படி ஐந்து தாள் என்றால் வாரம் 37.5 மணி. வாரம் 48 மணி நேரம் ஆலையில் நிற்கிறவருக்கு இது நடக்கிற காரியமா? அலகு 1-ஐ முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படிக்க ஆரம்பிப்பார், மூன்றாவது வாரம் பின்தங்குவார், இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று விட்டுவிடுவார். சோம்பேறித்தனம் என்று நாம் எழுதிவைப்பதில் பெரும்பங்கு இந்தக் கணக்குதான்.

அதனால் முதலில் தர வேண்டியது ஒரே பக்க வாரத் திட்டம். ஒவ்வொரு அலகிலும் எது கட்டாயம், எது நேரமிருந்தால், எதை இப்போது தாண்டிப் போகலாம் என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். பிராசஸ் காஸ்டிங்கில் (உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அடக்கவிலை போடுவது) சாதாரண நட்டம் (எப்படியும் வரும் என்று எதிர்பார்க்கும் கழிவு), அசாதாரண நட்டம் (அதற்கு மேல் போனது), அசாதாரண லாபம் (எதிர்பார்த்ததைவிட நட்டம் குறைந்தால் வருவது) மூன்றும் கட்டாயம். சம உற்பத்தி (பாதி முடிந்த யூனிட்டுகளை முழு யூனிட் கணக்கில் சொல்வது) அடுத்த வாரம். இடைநிலை லாபம் (ஒரு பிராசஸிலிருந்து அடுத்ததற்கு மாற்றும்போது சேர்க்கும் லாபம்) கடைசி. கேள்வித்தாளில் சாய்ஸ் இருக்கும்வரை அதை விட்டவரும் தேறிவிடலாம். இப்படிச் சொல்வது தரத்தைக் குறைப்பதாகச் சில ஆசிரியர்கள் நினைப்பார்கள். நாம் சொல்லாவிட்டால் மாணவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ விடப்போகிறார். அதில் சாதாரண நட்டமும் போய்விடும்.

அடுத்தது முதல் பத்து நாள். மதிப்பெண் இல்லாத, 20 நிமிடத்தில் முடிகிற ஒரு சின்ன வேலை கொடுங்கள். தள்ளுவண்டி இட்லிக் கடையின் செலவுகள்: அரிசி, உளுந்து, கேஸ் சிலிண்டர், உதவியாளின் தினக்கூலி, வண்டி வாடகை. இவற்றில் எது நிலையானது, எது மாறுவது என்று பிரிக்கச் சொல்லுங்கள். தினக்கூலியில் ஆளுக்கு ஆள் வேறு பதில் வரும், அதிலேயே விவாதம் கிளம்பும். பத்தாம் நாள் மூடுலின் கோர்ஸ் பார்டிசிபேஷன் ரிப்போர்ட்டைத் திறந்தால் யார் தொடவே இல்லை என்று பட்டியல் கிடைக்கும். 60 பேர் என்றே வையுங்கள். நான்கு ஆலோசகர்களுக்கும் பிரித்தால் ஆளுக்கு 15, ஒரு அழைப்புக்கு ஐந்து நிமிடம், மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்.

போனில் "ஏன் செய்யலை" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை எடுக்க மாட்டார்கள். மூன்றே கேள்வி போதும்: புத்தகம் வந்துவிட்டதா, லாகின் ஆகிறதா, எந்த ஷிஃப்ட். பாதிப் பேர் விஷயம் முதல் இரண்டு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். பாஸ்வேர்ட் போன மெயிலை அவர்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், சேர்க்கையின்போது பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கித் தந்த மெயில் ஐடி அது.

ஞாயிறு வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை இந்த அழைப்புகளுக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி.

---

மூடுல்_மெக்கானிக் பதில்:

டெக்னிக்கல் பக்கம் மட்டும் சொல்றேன்.

உங்க தாளுக்கு வினாடி வினாவுல நியூமெரிக்கல் வகைக் கேள்விதான் தங்கம். ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் போடணும்னு இல்லை. தப்பான விடைகளையும் உள்ளே போட்டு, ஒவ்வொண்ணுக்கும் தனி விளக்கம் எழுதலாம். ஒரு உதாரணம்: உள்ளீடு 1,000 யூனிட், மொத்தச் செலவு ரூ.36,500, சாதாரண நட்டம் 10 சதவீதம், அந்தக் கழிவு யூனிட் ரூ.5-க்கு விற்கும், உண்மையில் வந்த உற்பத்தி 870. ஒரு யூனிட் அடக்கவிலை என்ன?

சரியான விடை 40. செலவுல கழிவு மதிப்பு 500-ஐக் கழிச்சு 36,000, அதை 900-ஆல வகுக்கணும். பையன் 36.50 போட்டா நட்டத்தையே மறந்துட்டான். 36 போட்டா கழிவைக் கழிச்சான், ஆனா 1,000-ஆல வகுத்தான். 40.56 வந்தா கழிவு மதிப்பைக் கழிக்கலை. 41.38 வந்தா உண்மை உற்பத்தி 870-ஆல வகுத்திருக்கான். இதுதான் அதிகம் நடக்கிற தப்பு, அசாதாரண நட்டமே அங்கே காணாமப் போயிடும். இந்த நாலு விடைக்கும் பூஜ்யம் மதிப்பெண், பிழை வரம்பு 0.01, கூடவே ரெண்டு வரி விளக்கம். கேள்வி நடத்தையை "பல முயற்சிகளோடு ஊடாடும்" முறையில வைங்க. தப்பாப் போட்டவுடனே அவன் எங்கே சறுக்கினான்னு திரையில வரும், திரும்பப் போட்டுப் பார்ப்பான். ராத்திரி 11 மணிக்கு ஷிஃப்ட் முடிச்சு வர்றவனுக்கு அந்த நேரத்துல கிடைக்கிற ஒரே ஆசிரியர் இதுதான்.

ஷார்ட் ஆன்சர் வகையைத் தமிழ்ல தவிர்த்துடுங்க. சாதாரண நட்டம், சாதாரண இழப்பு, இயல்பு நட்டம்னு ஆளுக்கொரு பேர் எழுதுவாங்க, ஒற்று விடுவாங்க. எல்லாம் தப்புன்னு காட்டும், கடுப்பாயிடுவாங்க.

அசைன்மென்ட் ஏத்துறதுல மாட்டிக்கிற இடம்: கையால எழுதின 12 பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்தா ஒண்ணு 4 எம்பி, மொத்தம் 48 எம்பி. மொபைல் நெட்ல பாதியில அறுந்துடும், இல்லேன்னா சர்வர் வரம்புல முட்டி நிக்கும். கூகுள் டிரைவ் ஆப்லயே ஸ்கேன் இருக்கு. கறுப்பு வெள்ளையில ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப்பா ஏத்தச் சொல்லுங்க, சில எம்பிக்குள்ள அடங்கிடும். அசைன்மென்ட் செட்டிங்ல பிடிஎஃப் மட்டும்னு வைங்க. இல்லேன்னா ஐபோன்காரங்க எச்இஐசி ஃபைல் அனுப்புவாங்க, திருத்துறவர் கம்ப்யூட்டர்ல திறக்காது.

கெடு தேதியை ஞாயிறு நள்ளிரவுல வைக்காதீங்க. எல்லாரும் 11.50-க்கு வருவாங்க, தடுமாறினா உதவிக்கு ஆள் இருக்காது. செவ்வாய் மாலை 6 மணி நல்லது. டியூ டேட்டுக்கு ஒரு வாரம் தள்ளி கட்-ஆஃப் டேட் (அதுக்கப்புறம் ஏத்த முடியாது) வைங்க. நடுவுல வர்றது தாமதம்னு குறி விழும், ஆனா ஏத்துக்கும். நவம்பர், டிசம்பர்ல இது கண்டிப்பா வேணும். மழையில வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் கரண்ட் போனா ரெண்டு நாள் கூட ஆகும். தனி ஆளுக்கு வேணும்னா கிராண்ட் எக்ஸ்டென்ஷன் இருக்கு, மொத்த வகுப்புக்கும் தேதியை மாத்த வேண்டியதில்லை.

அறிவிப்புக்கு வாட்ஸ்ஆப் குரூப் வேண்டாம். 180 பேர் நம்பரும் 180 பேர்கிட்ட போயிடும். அதுக்கே பயந்து பல பெண்கள் வெளியேறுவாங்க. வாட்ஸ்ஆப் சேனல் திறந்தா ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. சந்தேகத்தை மட்டும் மூடுல் ஃபோரத்துல கேட்கச் சொல்லுங்க.

---

சிவப்புப்பேனா பதில்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் தொலைதூரக் கல்வியில் ஆசிரியர் கற்பிப்பது பெரும்பாலும் திருத்தும்போதுதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாணவர் எழுதிய ஒரு தாளை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார் என்பது பருவத்தில் ஒன்றிரண்டு தடவை நடக்கிற விஷயம். அந்தத் தாள் "நன்று, 14/20" என்று திரும்பி வந்தால் அடுத்ததை அவர் எங்கிருந்தோ பார்த்து எழுதுவார். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தன் ஆலோசகர்களுக்குத் தரும் பயிற்சியில் திருத்துரைகளையே வகை பிரித்திருக்கிறது. வெறும் டிக் மட்டும் போட்டுவிட்டு ஒன்றுமே எழுதாதது ஒரு வகை. "நல்ல முயற்சி" போன்ற உள்ளீடற்ற உரை ஒரு வகை. மனதைக் குத்துவது, தவறான வழி காட்டுவது, ஆக்கபூர்வமானது என்று பட்டியல் நீளும். உங்கள் ஆலோசகர்கள் திருத்திய பத்துத் தாளை எடுத்து இந்த வகைகளில் அடுக்கிப் பாருங்கள். எங்கே சரி செய்ய வேண்டும் என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

ஆக்கபூர்வமான உரைக்கு மூன்று பகுதி போதும். எது சரி, எந்த வரியில் பிசகியது, அடுத்து என்ன செய்ய வேண்டும். மேலே உள்ள கணக்கில் 41.38 எழுதியவருக்கு: "கழிவு மதிப்பைக் கழித்தது சரி. வகுக்கும் இடத்தில் உண்மை உற்பத்தி 870-ஐ எடுத்துவிட்டீர்கள், எதிர்பார்த்த உற்பத்தி 900-ஐ எடுக்க வேண்டும். மிச்சமுள்ள 30 யூனிட் அசாதாரண நட்டம், ரூ.1,200. அதன் கழிவு விற்பனை ரூ.150 போக ரூ.1,050 எங்கே போகும் என்று எழுதி அனுப்புங்கள்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது அவரைத் திரும்ப எழுத வைக்கும்.

ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக எழுத வேண்டாம். ஒரே அசைன்மென்டில் வரும் பிழைகள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. முதல் இருபது தாளைத் திருத்தும்போதே அவற்றை எழுதிவைத்துவிட்டு, பின்னால் ஒட்டிக்கொண்டு பெயரையும் ஒரு சொந்த வரியையும் சேர்த்தால் போதும். தாளுக்கு 12 நிமிடம் என்று வைத்தால் 180 தாளுக்கு 36 மணி, நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9 மணி. இரண்டு வாரத்தில் முடியும். மூன்றாவது வாரத்துக்குள் கைக்குப் போயாக வேண்டும். இரண்டாவது அசைன்மென்டை அனுப்பிய பிறகு முதலாவதின் திருத்தம் வருவது அநேகமாக எல்லா இடத்திலும் நடக்கிறது, அதில் யாருக்கும் பயனில்லை.

முதல் அசைன்மென்டைச் சின்னதாக்குங்கள். ஐந்து கணக்கு வேண்டாம், இரண்டு போதும். ஒருமுறை திருத்தி மறுபடி அனுப்ப விடுங்கள்.

காப்பி பற்றிக் கேட்பீர்கள். ஜெராக்ஸ் கடையிலும் டெலிகிராமிலும் விடைத்தாள் சுற்றத்தான் செய்யும். பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் கணக்கின் உள்ளே நுழைத்துவிடுங்கள். உள்ளீடு 1,000 யூனிட், அதனுடன் கடைசி இரண்டு இலக்கம் பெருக்கல் பத்து. 37-இல் முடிகிறவருக்கு 1,370 யூனிட், 10 சதவீத நட்டம் 137, எதிர்பார்க்கும் உற்பத்தி 1,233. மொத்தச் செலவை யூனிட் விலையில் கொடுத்தால் அதுவும் தானாக மாறும். எக்செலில் 100 வரிசை விடைப் பட்டியல் ஒருமுறை போட்டால் திருத்துகிறவருக்கும் சிரமமில்லை. நண்பனிடம் வழிமுறையைக் கேட்டு எழுதினாலும் எண்ணைத் தானே போட்டாக வேண்டும், அவ்வளவு படித்தால் எனக்குப் போதும்.

---

ஞாயிறு_பேட்ச் பதில்:

அலகு_எழுத்தாளர் சார், வகுப்பை நிறுத்தச் சொன்னதை ஏற்க முடியவில்லை. வருகிற முப்பது பேருக்கு அது ஒன்றுதான் பிடிமானம். நிறுத்த வேண்டியது புத்தகத்தை வாசிக்கிற வகுப்பை.

இரண்டு மணியை ஒன்றரை மணியாக்குங்கள். வெள்ளி இரவுக்குள் எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஃபோரத்தில் போடச் சொல்லி, அதிகம் பேர் கேட்டதை எடுங்கள். முதல் பத்து நிமிடம் திரையில் வாக்கெடுப்பு (poll) வைத்து ஒரு கேள்வி. மைக்கைத் திறக்காதவரும் விரலால் பதில் சொல்வார். பிறகு ஒரு கணக்கை நீங்கள் போட்டுக் காட்டுங்கள், அடுத்ததை அவர்கள் 20 நிமிடம் போடட்டும். அந்த 20 நிமிட அமைதியை ஆசிரியர்களால் தாங்க முடியாமல் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதைத்தான் அடக்க வேண்டும். போட்ட விடையைச் சாட்டில் தட்டச் சொன்னால் யார் 41.38-இல் நிற்கிறார் என்று அங்கேயே தெரியும்.

ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுவதால் ஒரே நேரம் யாருக்கும் நிரந்தரமாகப் பொருந்தாது. அதே பாடத்தை புதன் இரவு 8.30-க்கு ஒரு ஆலோசகர் மறுபடி எடுக்கட்டும். பதிவை 90 நிமிட ஒற்றைக் கோப்பாகப் போடாதீர்கள். கணக்கு கணக்காக வெட்டி, "அலகு 3, கணக்கு 7, அசாதாரண நட்டம்" என்று பெயர் வையுங்கள். ஒலி மட்டும் உள்ள பதிப்பும் கொடுங்கள். 32 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 என்றால் பத்து நிமிடம் 2.4 எம்பிதான். கோட்பாட்டுப் பகுதியை கம்பெனி பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போகலாம். கணக்குக்கு ஒலி உதவாது.

---

அடக்கவிலை_சென்னை:

எல்லோருக்கும் நன்றி. பதிவு எண் யோசனையை இந்தப் பருவமே செய்கிறேன். இரண்டு சந்தேகம். தமிழ் வழிப் புத்தகம் பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்தது. பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை, பார்வைக் குறைபாடுள்ள இரண்டு மாணவர்களுக்கு போன் வாசித்துக் காட்டும்போது உளறுகிறது. முழுதும் மறுபடி டைப் செய்ய வேண்டுமா? இரண்டாவது, ஆலோசகர்களுக்குத் தாளுக்கு இவ்வளவு என்று சம்பளம். 12 நிமிடம் உட்கார மாட்டார்கள்.

---

எழுத்துரு_வேலை பதில்:

மறுபடி டைப் வேண்டாம், மாற்றலாம். ஆனால் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து மாற்றாதீர்கள். பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஆங்கில விசை ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெறும் உரையாக எடுத்தால், நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழாக மாறிக் குழம்பிவிடும். உங்கள் தாளில் ஆங்கிலக் கலைச்சொற்கள் பக்கத்துக்குப் பத்து இருக்கும்.

அச்சகத்திடமோ எழுதியவரிடமோ மூல வேர்ட் அல்லது பேஜ்மேக்கர் கோப்பைக் கேளுங்கள். வேர்டில் எழுத்துருப் பெயரை வைத்துத் தேடி, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் யூனிகோடாக (எல்லாக் கருவியும் தமிழ் என்று அறியும் பொதுக் குறியீடு) மாற்றுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகு பார்க்க வேண்டிய இடங்கள்: கொம்பு வரும் எழுத்துகள், "ஸ்ரீ", "க்ஷ", ரூபாய்க் குறி, அட்டவணைகள். கடைசியில் சொன்னதுதான் அதிகம் உடையும். பிராசஸ் அக்கவுண்ட் அட்டவணையில் ஒரு தொகை ஒரு வரி இறங்கினாலே கணக்கு தப்பு, அதை மட்டும் பாடம் தெரிந்தவர் ஒருவர் வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

யூனிகோடானாலும் பிடிஎஃப்பில் சில சமயம் கொம்பு இடம் மாறி நகலாகும், தேடல் தவறும். ஆகவே மாற்றியதை அலகு அலகாக மூடுலில் வலைப்பக்கமாகவோ இபப் மின்னூலாகவோ போடுங்கள். திரை வாசிப்பானுக்கும் அதுதான் நல்லது, செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். தமிழ்க் கலைச்சொல்லுடன் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து மூடுல் குளோசரியில் ஏற்றி ஆட்டோ லிங்க் கொடுத்தால், பாடத்தில் அந்தச் சொல் வருமிடமெல்லாம் தொட்டுப் பார்க்கலாம். அலுவலகத்தில் ஆங்கிலச் சொல்லில் வேலை செய்துவிட்டுத் தேர்வைத் தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய உபகாரம்.

எல்லா அலகையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். முதல் இரண்டு அலகை முடித்து அந்த இரண்டு மாணவர்களிடமும் கொடுத்துக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

---

சிவப்புப்பேனா:

சம்பள விஷயம். தாளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் வேகமாக டிக் போடுவதற்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்டூடியோவுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து முதல் அசைன்மென்டுக்கு மட்டும் தாள் விலையை உயர்த்தக் கேளுங்கள். உரை எழுதினால்தான் அந்த உயர்வு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆளுக்கு ஐந்து தாள் எடுத்துப் பாருங்கள். அதற்கும் ஒப்புதல் வராவிட்டால், முழு உரையை முதல் அசைன்மென்டில் மட்டும் கட்டாயமாக்குங்கள். இரண்டாவதை மூடுல்_மெக்கானிக் சொன்ன வினாடி வினாவாக மாற்றிவிட்டால் அந்த மணி நேரம் மிச்சம். அகமதிப்பீடு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்குள் இரண்டும் அடங்கும். ஆனால் மதிப்பீட்டு முறை மாற்றம் என்பதால் பாடத்திட்டக் குழு ஒப்புதல் வாங்கிவிட்டு, மாணவர் கையேட்டில் அச்சான பிறகே நடைமுறைப்படுத்துங்கள். பருவத்தின் நடுவில் மாற்றினால் ஒருவர் புகார் கொடுத்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.